கூடைப்பந்தில் கீழே விழுந்தவர் பந்துடன் புரண்டால் அது ட்ரவலிங் ஆகுமா?

கொட்டாஞ்சேனைத் தந்தை:
வணக்கம். கடந்த சனிக்கிழமை கொழும்பில் நடந்த பாடசாலைப் போட்டியொன்றில், 17 வயதுக்குட்பட்ட அணியில் ஆடும் என் மகள், எவர் கைக்கும் அகப்படாமல் உருண்டோடிய பந்தை நோக்கிப் பாய்ந்து, குப்புற விழுந்த நிலையில் இரு கைகளாலும் அதைப் பற்றிக்கொண்டாள். மழை ஈரம் முழுதாகக் காயாத சீமெந்துத் தரை என்பதால் ஓரடி தூரம் சறுக்கியும் போனாள். (முழங்கையில் தோல் உரிந்தது வேறு கதை.) பின்னர், தன் அணியினர் எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்பதற்காகப் பந்தை நெஞ்சோடு அணைத்தபடியே மல்லாந்து புரண்டாள். உடனே விசில் ஒலித்தது. நடுவர் இரு கை முட்டிகளையும் ஒன்றையொன்று சுற்றி, ட்ரவலிங் (பந்தைக் கையில் வைத்தபடி விதிக்குப் புறம்பாக நகர்தல்) என்று காட்டினார். ஓரடிகூட எடுத்து வைக்காதவளுக்கு ட்ரவலிங் எப்படிப் பொருந்தும் என்று அன்று முதல் வீட்டில் வாக்குவாதம் ஓயவில்லை. விதி தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வெள்ளவத்தைவாசி:
பந்தைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் விழுந்தாலே அது ட்ரவலிங்தான், ஐயா. அமெரிக்கப் பாடசாலைப் போட்டிகளின் காணொளிகளில் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்கள் மகள் சறுக்கிய கணத்திலேயே விசில் ஊதியிருக்க வேண்டும். நடுவர் சற்றுத் தாமதித்துவிட்டார் என்றே நினைக்கிறேன்.

ஓய்வில்லா விசில்:
நடுவர் தாமதிக்கவில்லை, மிகச் சரியான கணத்தில்தான் ஊதியிருக்கிறார். வெள்ளவத்தை அண்ணர் சொல்வது அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் விதி. அங்கு பந்தைப் பிடித்தபடி விழுவதே பொதுவாக மீறலாகிவிடும். இலங்கையில் நாம் ஆடுவது சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபீபாவின் (FIBA) விதிகளின்படி. அவற்றின் 25ஆவது விதியில், பந்துடன் விழுவதும், விழுந்த வேகத்தில் சறுக்குவதும், தரையில் கிடந்தபடியோ உட்கார்ந்தபடியோ பந்தைக் கைப்பற்றுவதும் அனுமதிக்கப்பட்டுள்ளன. அதன் பிறகு பந்தைக் கையில் வைத்துக்கொண்டே புரள்வதும் எழ முயல்வதுமே மீறல். புதிய நடுவர்களுக்கு நான் இதை இப்படித்தான் விளக்குவது வழக்கம்: சறுக்கல் உடல் வந்த வேகத்தால் தானாக நிகழ்வது, புரளல் ஆட்டக்காரர் தாமே செய்வது. ஆகவே உங்கள் மகள் பாய்ந்ததிலும் விழுந்ததிலும் சறுக்கியதிலும் குற்றமில்லை. மல்லாந்து திரும்பிய அந்த அரைச் சுற்றுக்குத்தான் விசில்.

அவர் செய்திருக்கக்கூடியவை பல. கிடந்தபடியே பந்தைத் தோழிக்குத் தள்ளிவிட்டிருக்கலாம். படுத்த நிலையிலேயே பந்தைத் தட்டி ட்ரிப்ளிங்கைத் தொடங்கி, தட்டிக்கொண்டே எழுந்திருக்கலாம். பந்து கைப்பிடியில் இல்லாததால் அப்போது எழுவது மீறலாகாது. எதிரணியினர் ஒருவரும் பந்தில் கையை இறுகப் பதித்திருந்தால் அது ஜம்ப் பால் (பந்து எந்த அணிக்கு என்று முடிவாகாத) நிலையாகி, இரு அணிகளுக்கும் மாறி மாறித் திருப்பப்படும் அம்புக்குறி எந்த அணியின் பக்கம் காட்டுகிறதோ அந்த அணிக்குப் பந்து போயிருக்கும். கீழே கிடப்பவர் “டைம் அவுட்” என்று கூவுவதால் மட்டும் எந்தப் பயனும் இல்லை. ஃபீபா விதிகளில் அதைக் கேட்கும் உரிமை தலைமைப் பயிற்றுவிப்பாளருக்கும் அவரின் முதல் உதவியாளருக்குமே உண்டு.

கொட்டாஞ்சேனைத் தந்தை:
மிக்க நன்றி. வீட்டில் இதை வாசித்துக் காட்டியதும் மகள் இன்னொன்று கேட்டாள். ட்ரிப்ளிங் செய்து முடித்து, பந்தை இரு கைகளாலும் பிடித்த பிறகு தடுமாறி விழுந்தால், கிடந்தபடி மீண்டும் தட்டத் தொடங்கலாமா?

ஓய்வில்லா விசில்:
முடியாது. விழுந்ததால் அவருக்குப் புதிய ட்ரிப்ளிங் உரிமை எதுவும் கிடைப்பதில்லை. மீண்டும் தட்டினால் அது டபுள் ட்ரிப்ளிங். அந்நிலையில் பந்தைத் தோழிக்குக் கடத்துவது அல்லது கூடையை நோக்கி எறிவது மட்டுமே வழி. எதிரணியினர் ஒரு மீற்றருக்குள் நெருங்கி நின்று தீவிரமாகத் தடுத்தால், அதையும் 5 விநாடிகளுக்குள் செய்துவிட வேண்டும் என்று மகளிடம் சொல்லுங்கள்.