பழைய சுவிட்ச் போர்டைக் கழற்றினால் பின்னால் என்ன இருந்தது? அதற்குப் பதிலாக எந்தச் சுவிட்ச் வாங்குவது? (புனைபெயர்களில் ஓர் உரையாடல்)

மரப்போர்டு:
முன்னால் புத்தம் புது மூன்று துளை சாக்கெட். பிளேட்டை இழுத்தால் எர்த் வயரே (கசிவைத் தரைக்குக் கொண்டுபோவது) வரவில்லை. ஒரு இஞ்ச் வயர்த் துண்டை நியூட்ரலுக்கும் (மின்சாரம் திரும்பும் வயர்) எர்த் டெர்மினலுக்கும் பாலம் போட்டு முறுக்கியிருக்கிறது! பின்னால் எங்காவது நியூட்ரல் அறுந்தால், செருகிய சாமானின் இரும்பு உடம்பு முழுக்க 230 வோல்ட். டெஸ்டர் இதைக் காட்டாது. மீட்டரிலும் ஃபேஸுக்கும் (மின்சாரம் வரும் வயர்) எர்த்துக்கும் நடுவே 230 சரியாக வரும். அதே சாக்கெட்டில் ஒரு அயர்ன்பாக்ஸை ஓடவிட்டு நியூட்ரல்-எர்த் அளந்து பாருங்கள். உண்மையான எர்த் என்றால் பொதுவாகக் கொஞ்சமாவது வோல்ட் தெரியும். லோடிலும் சுத்தமான பூஜ்யம் என்றால் பிளேட்டைக் கழற்றிப் பார்த்தே ஆகணும்.

வயர்மேன்:
எர்த் இழுக்க வழியில்லாத வீட்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டால் போதும், இதுக்கு ஏன் இவ்வளவு பயம்? ஆனா ரூமுக்கு ரூம் தனியா மாட்டினா உடனே ட்ரிப் ஆகலாம், அதுக்குத் தயாரா இருங்க. பழைய வீட்டில் ஒரு ரூமோட ஃபேஸுக்குப் பக்கத்து ரூம் நியூட்ரலைக் கடன் வாங்கியிருப்பாங்க. அதைப் பிரிக்காம அப்படி மாட்டின ஆர்.சி.சி.பி. நிக்காது.

மரப்போர்டு:
போதாது. எர்த் இல்லையென்றால் கசிவு மனித உடம்பு வழியாகப் போகும்போதுதான் அது விழும். தான் இயங்கவே மின்சாரம் தேவைப்படும் எலக்ட்ரானிக் வகையாக இருந்து, அதற்கு வரும் நியூட்ரல் அறுந்திருந்தால், அதுவும் வேலை செய்யாது. மேலே சொன்ன பாலத்தையும் அது கண்டுபிடிக்காது. மின்சாரம் நியூட்ரல் வழியாகவே திரும்பிவிடுகிறதே.

பியானோ சுவிட்ச்:
எர்த் சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். எங்கள் போர்டில் கருகிக் கிடந்தது 16 ஆம்பியர் சாக்கெட்டின் ஃபேஸ் ஸ்க்ரூ. லைட்டுக்குப் போன 1.5 சதுர மி.மீ. வயரிலேயே கீசருக்கும் இணைப்பு எடுத்திருந்தது. புது சாக்கெட் வாங்கி மாட்டினால் இது தீராது. 16 ஆம்பியருக்கு மெயினிலிருந்து தனியாக 4 சதுர மி.மீ. செம்பு வரணும், அதற்குத் தனி எம்.சி.பி. (மின்சாரம் அளவை மீறினால் தானே அணையும் சுவிட்ச்) வேணும். 1.5-இல் ஓடுவதற்கு 6 அல்லது 10 ஆம்பியர் எம்.சி.பி.தான்.

கேட்காமலே இன்னும் சில சொல்கிறேன். வயரின் தோலை 8, 10 மி.மீ.க்கு மேல் உரிக்காதீர்கள். பல இழை வயர் என்றால் முறுக்கி, நுனியை மடித்துச் செருகுங்கள். ஈயம் வைத்துப் பற்றவைத்தால் ஸ்க்ரூவின் அழுத்தத்தில் அது மெல்ல நசுங்கி, பிடி தளர்ந்து சூடேறும். அலுமினிய வயரில் இந்தத் தளர்ச்சி இன்னும் சீக்கிரம் வரும். அதைச் செம்போடு நேராக முறுக்கவே கூடாது, அதற்கான கனெக்டர் வேணும். முடிந்தால் வயரையே மாற்றுங்கள். பழைய ரப்பர் உறை தொட்டாலே உதிர்ந்தால் அந்தப் போர்டில் சுவிட்ச் மாற்றிப் பயனில்லை, பைப்போடு சேர்த்துப் புதுசாக இழுக்கணும்.

சுவரோரம்:
நண்பர்களே, கேள்வி எந்தச் சுவிட்ச் வாங்குவது என்பது. முதலில் மாட்யூலைக் (பிளேட்டில் ஒரு சுவிட்ச் பிடிக்கும் இட அளவு) கூட்டுங்கள்: சுவிட்ச் 1, சாக்கெட் 2, ஃபேன் ரெகுலேட்டர் பெரும்பாலும் 2. நான்கு சுவிட்ச், ஒரு சாக்கெட், ஒரு ரெகுலேட்டர் என்றால் 8 மாட்யூல் பிளேட். பழைய மரப்பெட்டியில் அது உட்காராது, சுவரை வெட்டி அதே கம்பெனியின் உலோகப் பெட்டி வைக்கணும். சாக்கெட்டில் ஷட்டர் (பிளக் செருகினால் மட்டும் திறக்கும் துளை மூடி) இருக்கணும். எர்த் மேலே இருக்க, முன்னாலிருந்து பார்த்தால் ஃபேஸ் வலது. வயர் மாட்டும்போது பின்பக்கம் பார்ப்பதால் அது இடதாகிவிடும்.

மரப்போர்டு:
இடம், வலம் பார்ப்பதைவிட டெர்மினலில் பொறித்திருக்கும் எல் (ஃபேஸ்), என் (நியூட்ரல்) பாருங்கள். ஒரு சந்தேகம்: ஆஃப் செய்தும் எல்.இ.டி. பல்பு மங்கலாக எரிகிறது என்றால் சுவிட்ச் நியூட்ரலில் இருக்கிறதா?

சுவரோரம்:
இருக்கலாம். சுவிட்சில் இண்டிகேட்டர் விளக்கு இருந்தாலும் அப்படித்தான் எரியும். மெயினை அணைத்து, சுவிட்சுக்கு வரும் வயர் ஃபேஸா நியூட்ரலா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.