மிச்சிகன் டவுன்ஷிப் என்பது பிரதேச சபையா, வேறு ஏதுமா?

எருவில்மகள் (களுவாஞ்சிகுடி):
தங்கச்சி போன வருசம் மிச்சிகனில் வீடு வாங்கினாள். முகவரியில் ஒரு நகரத்தின் பெயர் இருக்கிறது, வரித்துண்டு வருவதோ ஒரு டவுன்ஷிப்பிலிருந்து. நகரம் ஏழெட்டு மைல் தள்ளி, வீட்டைச் சுற்றிச் சோளமும் சோயாவும்தானாம். மார்ச்சில் பனி உருகினதும் வாசலில் உள்ள கிறவல் ரோட்டில் ரயர் பாதி முங்கும் அளவுக்குக் குழி. டவுன்ஷிப் ஒஃபிசுக்குப் போனால் (கிழமையில் இரண்டு நாள்தான் திறப்பார்களாம்) அங்கிருந்த அம்மா "ரோட்டு எங்கட வேலை இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்போ வரி எதற்கு? யாராவது விளங்கப்படுத்துவீர்களா?

சங்கிலிக்காரன்:
தங்கச்சி, நான் நில அளவையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன், அதனால் காணிப் பக்கத்திலிருந்தே சொல்கிறேன். டவுன்ஷிப் என்ற ஒரே பெயரில் இரண்டு சாமான் இருக்கிறது, குழப்பம் அங்கேதான். முதலாவது வெறும் சதுரம். 1785இல் அமெரிக்கக் காங்கிரஸ் போட்ட சட்டப்படி, விற்கப்போகும் காணியை ஆறு மைலுக்கு ஆறு மைலாக வெட்டினார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் 36 செக்சன், ஒரு செக்சன் 640 ஏக்கர். இப்போதுள்ள முறையில் வடகிழக்கு மூலையில் 1 தொடங்கி மேற்கே 6 வரை போகும், 7 அதற்குக் கீழே இறங்கிக் கிழக்கே திரும்பும், மாடு பூட்டி உழுகிறவன் வரம்படியில் திரும்பி வருவதுபோல. மிச்சிகனில் இந்த வேலை 1815இல் தொடங்கியது. டிட்றொயிட்டின் எயிட் மைல் ரோட்டு இருக்கிறதே, அது அந்த அளவையின் அடிக்கோட்டின் மேல், அதாவது வடக்கும் தெற்கும் எண்ணத் தொடங்கும் கோட்டின் மேல் ஓடுவது.

அதற்கு முன் அங்கே யார் இருந்தார்கள் என்று கேட்டால், தென்கிழக்குப் பகுதியை ஒட்டாவா, சிப்பெவா, பொட்டவாட்டமி, வயண்டொட் மக்களிடமிருந்து 1807 டிட்றொயிட் ஒப்பந்தத்தில் "வாங்கினார்கள்". அந்தச் சொல்லை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

எங்களுக்கும் இது புதிதில்லை. வெள்ளாவெளிப் பக்கம் 37ஆம் கொலனி, 39ஆம் கொலனி என்று காட்டுக்கு நம்பர் போட்டதும் மேசையில் கோடு கீறித்தானே.

படுவான்கரைப்பொடியன்:
அண்ணன் சொன்ன சதுரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் சபைதான் இரண்டாவது டவுன்ஷிப். நான் இங்கே மிச்சிகனில், பக்கத்துக் கவுண்டியில் (பல டவுன்ஷிப் சேர்ந்த மாவட்டம் மாதிரி) பதினொரு வருசமாக இருக்கிறேன். மிச்சிகனில் இப்படி ஏறத்தாழ 1,240 சபைகள். ஒரு சுப்பர்வைசர், ஒரு கிளாக்கர், ஒரு பொருளாளர், அப்புறம் இரண்டு அல்லது நான்கு உறுப்பினர்கள். கிளாக்கரையும் வாக்குப் போட்டுத்தான் தெரிவு செய்கிறோம் அக்கா, நான்கு வருசத்துக்கு ஒருக்கா! எங்கட ஊரில் செயலாளரை அப்படித் தெரிவு செய்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துச் சிரித்திருக்கிறேன்.

அந்த அம்மா சொன்னது சரி. 1931இல் வந்த ஒரு சட்டத்தோடு இங்கே டவுன்ஷிப் ரோட்டெல்லாம் கவுண்டியின் கைக்குப் போய்விட்டது. ஒஹாயோவில் என்றால் டவுன்ஷிப்பே ரோட்டுப் போடும், இலினோயில் அதற்கென்றே ஒரு கமிஷனரைத் தனியாகத் தெரிவு செய்வார்கள். மிச்சிகனில் டவுன்ஷிப் கட்டாயம் செய்யவேண்டியவை மூன்று: காணி வீட்டைப் பெறுமதி போடுவது, தேர்தல் நடத்துவது, வரி எடுப்பது. தீயணைப்பு, சவக்காலை எல்லாம் சபைக்குச் சபை வேறுபடும். அந்த வரித்துண்டை வரி வரியாக வாசிக்கச் சொல்லுங்கள். பெரும்பகுதி பள்ளிக்கூடத்துக்கும் கவுண்டிக்கும் போகும், டவுன்ஷிப் அதை வாங்கிக் கொடுக்கும் கைதான். முகவரியில் உள்ள நகரம் தபால் கந்தோருடையது, அதை வைத்து எல்லை பார்க்காதீர்கள்.

வட்டவிதானைபேரன் (அக்கரைப்பற்று):
பிரதேச சபையோடு ஒப்பிட்டால் சரிவராது. 2023 மார்ச்சிலிருந்து 2025 மே தேர்தல் வரைக்கும் சபையே இல்லாமல் செயலாளரை வைத்து ஓட்டின ஆட்கள் நாங்கள். மினசோட்டாவில் ஒவ்வொரு மார்ச்சும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை டவுன்ஷிப் ஆட்கள் மண்டபத்தில் கூடி, வரி எவ்வளவு என்று தாங்களே வாக்குப் போட்டு முடிவு செய்வார்கள். எனக்கு அது எங்கட விதைப்பு ஆரம்பக் கூட்டம் மாதிரித்தான் தெரிகிறது, தண்ணீர் திறக்கும் திகதி, மாடு அப்புறப்படுத்தும் திகதி எல்லாம் விவசாயிகள் கை உயர்த்தி எடுப்பதுபோல. அயோவாவில் வேலிச் சண்டை வந்தால் டவுன்ஷிப் உறுப்பினர்களே வயலுக்கு வந்து பார்த்துத் தீர்ப்பார்கள். வயற்கண்டத்தைப் பார்த்துக்கொள்ளும் வட்டவிதானையாக இருந்த எங்கள் மூத்தப்பா வரம்புச் சண்டைக்குப் போய் நின்றதும் அதே வேலைதான், சம்பளம் மட்டும் நெல்லாக வந்தது.

எருவில்மகள்:
எல்லாருக்கும் நன்றி. இரவே அவளுக்கு அனுப்பினேன், உறுதியை எடுத்துப் பார்த்தாளாம். "செக்சன் 21" என்று இருக்கிறது, இவ்வளவு நாளும் அதை ஏதோ ஃபைல் நம்பர் என்று நினைத்திருக்கிறாள். குழியைப் படம் பிடித்து இன்றைக்குக் கவுண்டிக்கு அனுப்புகிறாள்.

சங்கிலிக்காரன்:
21 என்றால் நேர் வடக்கே 16. 1785 சட்டத்தில் பள்ளிக்கூடத்துக்கென்று ஒதுக்கின செக்சன் அதுதான். போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் அங்கே பள்ளிக்கூடத்தைத் தேடவேண்டாம், அநேகமாக சோளம்தான் நிற்கும். காணியை விற்று வந்த பணத்தைத்தான் பள்ளிக்கூட நிதியில் போட்டார்கள்.