அடாப்டர் 0.2 மி.மீ. குட்டை: பழைய லென்ஸ் அனுபவப் பகிர்வு

ஃப்ளெக்டகன் என்ற பழைய வைடு லென்ஸ், 20 மி.மீ., எஃப்/4. எம்42 மவுண்ட் (42 மி.மீ. மரை), சோனி ஈ பாடி, நடுவில் மலிவான சாதா அடாப்டர். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் செல்போன் டவர். ஃபோகஸ் ரிங்கை இன்ஃபினிட்டியில் (மிகத் தொலைவுக்கான குறி) முட்டும்வரை திருப்பினால் டவர் பஞ்சு மாதிரி இருக்கிறது. பின்னால் திருப்பத் திருப்பத் தெளிகிறது. டவரின் கம்பிகள் தனித்தனியாகத் தெரிந்த நேரத்தில் ஸ்கேல் காட்டியது 2 மீட்டர்! "இந்த லென்ஸே சொத்தை" என்று தள்ளிவிடத் தோன்றும் இடம் இதுதான்.

லென்ஸ் மேல் தப்பில்லை. எம்42-இன் ஃப்ளேஞ்ச் தூரம் (லென்ஸ் உட்காரும் முகத்திலிருந்து சென்சார் வரை) 45.46 மி.மீ., சோனி ஈ-க்கு 18. மிச்சம் 27.46, அடாப்டர் அந்தக் கனம் இருக்க வேண்டும். காலிப்பரில் வந்தது 27.26. இன்ஃபினிட்டி கிடைக்காவிட்டால் வாங்கியவர் திருப்பி அனுப்புவார், தாண்டிப் போனால் கவனிக்கவே மாட்டார். அதனால்தான் பல அடாப்டர்களைக் கொஞ்சம் குட்டையாகவே கடைந்து விடுகிறார்கள்.

ஸ்கேல் எதைக் காட்டும்போது இன்ஃபினிட்டி தெளியும் என்ற கணக்கு சுலபம். ஃபோகல் லெங்த்தை அதனாலேயே பெருக்கி, குறையும் மில்லிமீட்டரால் வகுக்கவும். 20×20÷0.2 = 2000 மி.மீ., அதாவது 2 மீட்டர். அதே அடாப்டரில் 50 மி.மீ. லென்ஸ் போட்டால் 12.5 மீட்டர், 135 போட்டால் சுமார் 91 மீட்டர். டெலியில் யாருக்கும் தெரியாது, வைடில்தான் குட்டு வெளிப்படும். ஃபோகஸுக்கு ஏற்ப உள்ளே கண்ணாடிகள் தனியாக நகரும் வைடு லென்ஸ்களில் இன்னும் மோசம்: நடு தெளிவாக இருக்கும், மூலைகள் தேறவே தேறாது.

சரிசெய்ய: கேமரா பக்கத் தகடு குட்டி ஸ்க்ரூக்களில் நிற்கும் அடாப்டராக இருந்தால் கழற்றி, அடியில் 0.2 மி.மீ. பித்தளை ஷிம்மை (சன்னத் தகடு) வளையமாக வெட்டி வைக்கலாம். காகிதம் வேண்டாம், ஸ்க்ரூ முடுக்கும்போது நசுங்கி அளவு மாறும். அளக்கும்போது லென்ஸ் உட்காரும் முகத்திலிருந்து கேமராவில் உட்காரும் முகம் வரை அளக்கவும், பயனெட் காதுகளின் (கேமராவில் பூட்டும் நாக்குகள்) நுனி வரை அல்ல. நான்கு இடத்தில் அளந்து நான்கும் வேறு வேறாக வந்தால் அடாப்டர் சாய்ந்திருக்கிறது. அதற்கு ஷிம் மருந்து இல்லை.

*

மேலே எழுதினவர் குட்டை அடாப்டரை இவ்ளோ திட்ட வேண்டியதில்லைங்க. பழைய சோவியத் ஜெனிட் கேமராவோட எம்39 (39 மி.மீ. மரை) லென்ஸ் வச்சிருக்கறவங்களுக்கு அதுதான் கைகொடுக்குது. ஜெனிட் எம்39 ஃப்ளேஞ்ச் 45.2. சன்னமான 39-42 ரிங்கைச் சுத்தி எம்42 அடாப்டர்ல போட்டா, 27.46 சுத்தமா இருக்கற அடாப்டர்ல லென்ஸ் 0.26 தள்ளி நிக்கும். 58 மி.மீ. ஹீலியோஸ்னா 13 மீட்டருக்கு மேல ஃபோகஸே போகாது. உங்க 27.26-ல போட்டா கிட்டத்தட்ட இன்ஃபினிட்டி வந்துடும். ஒருத்தருக்குக் குறை, இன்னொருத்தருக்கு வரம்.

ஆனா நான் எழுத வந்தது வேற. ஜூபிட்டர்-11 லென்ஸ், 135 எஃப்/4. பின்னாடி 39 மி.மீ. மரை. லைகா எல்.டி.எம். (லைகா ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவோட 39 மி.மீ. மரை) அடாப்டர்ல அழகா ஏறிடுச்சு, கடைசிச் சுத்து வரைக்கும் இடிக்கவே இல்லை. திரையைப் பார்த்தா வெறும் மூட்டம். கிட்ட இருக்கறதும் இல்லை, தூரத்துல இருக்கறதும் இல்லை, ரிங் இன்ஃபினிட்டியில இருக்கறப்ப ஒரு விளிம்பு கூட கூடி வரலை.

மரை ஒண்ணுதான், தூரம் வேற. லைகா எல்.டி.எம். 28.8, ஜெனிட் 45.2. வித்தியாசம் 16.4 மி.மீ. ஜெனிட் லென்ஸை எல்.டி.எம். அடாப்டர்ல போட்டா அவ்வளவும் சென்சார் பக்கம் நெருங்கிடும். தலைகீழா, எல்.டி.எம்.-க்கு வந்த 50 மி.மீ. இண்டஸ்டாரை ஜெனிட் பக்கம் போட்டா லென்ஸுக்கு ஒரு சாண் முன்னால இருக்கறது மட்டும் தெரியும், மத்ததெல்லாம் கோவிந்தா. ஜூபிட்டர்-9, ஜூபிட்டர்-11 ரெண்டுமே இந்த ரெண்டு வகையிலயும் வந்திருக்கு, பேரை மட்டும் பார்த்து அடாப்டர் வாங்காதீங்க. லென்ஸைக் கவுத்து ஃபோகஸ் ரிங்கைத் திருப்புங்க. பின்வாயில ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்கான வளையம் முன்னும் பின்னும் நகர்ந்தா எல்.டி.எம்., அப்படி ஒண்ணும் இல்லைன்னா ஜெனிட்.

*

இன்ஃபினிட்டியை விடுங்கள், அப்பர்ச்சரே (பிளேடுகளால் ஆன வெளிச்சத் துளை) மூடாத கதை ஒன்று.

ஹீலியோஸ் 44எம்-4. ரிங் எஃப்/16-இல், டக் டக் என்று சுத்தமாக விழுகிறது. முன்னாலிருந்து பார்த்தால் பிளேடு ஒன்றும் அசையவில்லை, எஃப்/2-இலேயே வாயைப் பிளந்து நிற்கிறது. வெயிலில் எடுத்த படம் வெள்ளைத் தாள்.

காரணம் பின்னால் இருக்கும் அந்தச் சின்ன ஊசி. எம்42 ஆட்டோ லென்ஸில் அதை அழுத்தினால்தான் பிளேடு மூடும். ஃபிலிம் கேமராவில் ஷட்டர் விழும் நேரத்தில் ஒரு தகடு வந்து அழுத்தும். அடாப்டரில் அந்த வேலையை உள்விளிம்பு செய்ய வேண்டும், விளிம்பில்லாத அடாப்டரில் ஊசி காற்றில் நிற்கும். ஹீலியோஸ் 44-2 பிரிசெட் லென்ஸ் (பிளேடைக் கையால் மூடுவது), அதற்கு ஊசியே இல்லை. 44எம்-இல் ஆட்டோ–மேனுவல் சுவிட்ச் உண்டு, எம்-இல் தள்ளினால் போதும். 44எம்-4-இல் சுவிட்சை எடுத்துவிட்டார்கள்.

விளிம்புள்ள அடாப்டர் வாங்கினால் எல்லாம் தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம். விளிம்பு அதிகம் மேலே இருந்தால் ஊசி அடிவரை இறங்கிச் சிக்கும், சில லென்ஸில் ஃபோகஸ் ரிங்கே கனக்கும். அதிகம் கீழே இருந்தால் ஊசி பாதி அழுந்தும், எஃப்/16 வைத்தால் எஃப்/5.6 வரைதான் மூடும். லென்ஸை மாட்டியபடியே முன்வாயில் டார்ச் அடித்து, எஃப்/8, 11, 16 ஒவ்வொன்றிலும் துளை சிறுக்கிறதா என்று பாருங்கள். எம்42 ஃபுஜினான் என்றால் கூடுதல் கவனம்: அப்பர்ச்சர் ரிங்கின் அடியில் ஒரு சிறு மொட்டு நீட்டிக்கொண்டிருக்கும், முகம் அகலமான அடாப்டரில் அது உராய்ந்து ரிங் திரும்பாது. லென்ஸை அறுக்காதீர்கள், அடாப்டரின் முகத்தை அராவிக்கொள்ளலாம். ஊசியை சூப்பர் க்ளூ போட்டு ஒட்டும் யோசனையும் உலவுகிறது. அதன் ஆவி உள்கண்ணாடியில் வெண்படலமாகப் படியும்.

*

ஊசி சரியாக அழுந்தியும் பிளேடு சோம்பலாக மூடினால் அது எண்ணெய். பிளேடுகள் காய்ந்தே இருக்க வேண்டும், உயவு போடவே கூடாது. ஹெலிகாய்ட் (ஃபோகஸ் மரை) கிரீஸ் பிரிந்து எண்ணெயாக இறங்கிவிடுகிறது. லைட்டர் ஃப்ளூயிட் தொட்டு, பிளேடைத் திறந்து மூடித் திறந்து, ஒற்றி எடுக்க வேண்டும். ஒரு தடவையில் போகாது. கண்ணாடிகளைக் கழற்றாமல் ஊற்றினால் கரைந்த எண்ணெய் அவற்றின் மேல் போய் உட்காரும்.

*

சூப்பர் டகுமார் 50 எஃப்/1.4. வெள்ளைத் தாளின் மேல் வைத்ததும் தாள் டீ டிகாஷன் நிறம். கோட்டிங் போய்விட்டது என்று பலர் எழுதுவது தவறு. ஏழு கண்ணாடி உள்ள வகையில் தோரியம் கலந்த கண்ணாடி இருக்கிறது, அதன் கதிர்வீச்சே பல ஆண்டுகளில் கண்ணாடிக்குள் நிறமையங்களை (மஞ்சள் நிறம் தரும் நுண்குறைகள்) உண்டாக்குகிறது. முதலில் வந்த எட்டுக் கண்ணாடி வகையில் தோரியம் இல்லை. துடைத்துப் பயனில்லை, கறை மேலே இல்லை.

புற ஊதா வெளிச்சம் அதை வெளுக்கும். 365 நானோமீட்டர் எல்.இ.டி.யைப் பின்பக்கத்தில் நெருக்கமாக வைத்து, அடியில் அலுமினியத் தாள் விரித்து, தினம் ஒருமுறை வெள்ளைத் தாளில் வைத்துப் பார்க்கவும். சில நாளிலும் தெளியலாம், வாரக்கணக்கும் ஆகலாம். லென்ஸ் கை பொறுக்காத அளவு சுட்டால் விளக்கைத் தள்ளி வைக்கவும், பசையும் கிரீஸும் கெடும். அந்த விளக்கை வெறும் கண்ணால் பார்க்க வேண்டாம். வெயிலில் வைப்பவர்கள் ஒரு பக்கத்தையாவது தாளால் மூடிவிடுங்கள், இரண்டு பக்கமும் திறந்த எஃப்/1.4 லென்ஸ் பூதக்கண்ணாடிதான், மேசையைப் பொசுக்கிவிடும். வெளுத்தபின் இருட்டில் பூட்டி வைத்தால் ஆண்டுகள் போகப் போக மஞ்சள் திரும்பும். தோரியம் எங்கும் போகவில்லை, அதன் அரை ஆயுள் 1,400 கோடி ஆண்டு.

"கேன்சர் வரும், தூக்கிப் போடு" என்று உடனே யாராவது வருவார்கள். ஆல்ஃபா கதிரை ஒரு காகிதமே தடுக்கும், மற்றவை தூரம் கூடக்கூட வேகமாகக் குறையும். படமெடுக்க அஞ்ச வேண்டியதில்லை. அந்தக் கண்ணாடியைத் தேய்க்கவோ உடைக்கவோ கூடாது, தூள் மூச்சில் போவதுதான் ஆபத்து.

*

இதையெல்லாம் பிரிப்பதற்கு முன்னால் மெனுவைப் பாருங்கள். பாடியில் ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தை ஈடுசெய்யச் சென்சாரை நகர்த்தும் வசதி) இருந்தால், சிப் இல்லாத அடாப்டரில் ஃபோகல் லெங்த்தைக் கையால் போட வேண்டும். முந்தைய லென்ஸுக்குப் போட்ட 200 அப்படியே கிடக்க 58 மி.மீ. மாட்டினால், சென்சார் தேவைக்கு மேல் ஆடி எல்லா விளிம்பும் இரட்டையாக விழும். முக்காலியில் ஸ்டெபிலைசேஷனை நிறுத்தி ஒன்று, கையில் வைத்து ஒன்று, இரண்டு படம் எடுத்து ஒப்பிட்ட பிறகு காலிப்பரைத் தேடுங்கள்.