டர்பனில் கார் பார்த்துக்கொள்பவருக்கு எவ்வளவு, எப்படிக் கொடுப்பது?

மதுரையிலிருந்து வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வந்து நான்கு மாதம் ஆகிறது. ஓட்டலில் பில்லுக்கு மேல் 10 முதல் 15 சதவீதம், பெட்ரோல் போட்டுக் கண்ணாடி துடைப்பவருக்கு 5 ராண்டு என்று பழகிவிட்டேன். நிறுத்திய காரைப் பார்த்துக்கொள்ளும் 'கார் கார்டு' (car guard) விஷயத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

ஆபீசுக்கு எதிரே தெருவோரம்தான் நிறுத்துகிறேன். மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஒருவர் கையசைத்து இடம் காட்டுவார். காலையில் ஒரு தடவை, மதியம் வெளியே போய் வந்தால் இன்னொரு தடவை. இவர்களில் பலருக்குச் சம்பளமே கிடையாதாம், நாம் கொடுப்பதுதான் வருமானம். அதனால் கொடுக்காமல் போக மனசு வரவில்லை.

முதலில் தடவைக்கு 5 ராண்டு கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் பேங்க் கார்டு தேய்ப்பதால் சில்லறை தீர்ந்துவிடுகிறது. ஒருநாள் கையில் இருந்த 2 ராண்டைக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் அதை என் பானெட் மேல் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். கூசிப்போச்சு. அப்புறம் வெள்ளிக்கிழமை மொத்தமாக 50 கொடுத்துப் பார்த்தேன். திங்களன்று வேறு ஆள் நிற்கிறார், அவருக்குக் கணக்கு முதலிலிருந்து! ஒருமுறை பன்னி சாவ் (ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு நிரப்பியது) வாங்கிக் கொடுத்தேன், அன்றைக்கு மட்டும் சிரித்தார். ஆபீசில் கேட்டால் ஒருவர் 2 போதும் என்கிறார், இன்னொருவர் 10 என்கிறார்.

தினமும் ஒரே இடத்தில் நிறுத்துகிறவர்கள் தடவைக்குத் தடவை கொடுக்கிறீர்களா, வாரக் கணக்கா, எவ்வளவு?