மாதவிடாய் தள்ளிப்போவதும் வெள்ளைப்படுதலும்: இரண்டுக்கும் ஒரே காரணமா?

கேள்வி: மல்லிகை

வணக்கம். எனக்கு 24 வயது, திருமணம் ஆகவில்லை. கல்லூரியில் படிக்கும் வரை மாதந்தோறும் ஒழுங்காக வந்த மாதவிடாய், வேலைக்குச் சேர்ந்து உடல் எடை கூடிய பிறகு ஒன்றரை மாதம், சில வேளை இரண்டு மாதம் என்று தள்ளிப்போகிறது. முகவாயில் முடி தடித்து வளர்கிறது, பின்கழுத்தும் கறுத்துவிட்டது. இது போதாதென்று, சில வாரங்களாகத் திரிந்த பால் போலக் கட்டிகட்டியாக வெள்ளைப்படுகிறது. அரிப்பும் தாங்க முடியவில்லை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய களிம்பைப் பூசினால் அரிப்பு அடங்குகிறது. நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகிறது. "எல்லாம் உடம்புச் சூடு, வெந்தயத்தை ஊறவைத்துச் சாப்பிடு" என்கிறார் அம்மா. மருத்துவரிடம் போனால் உள்ளே கருவி வைத்துப் பார்ப்பார்களோ என்ற அச்சத்தில் நாள் கடத்துகிறேன். இவை இரண்டும் ஒரே நோயின் அறிகுறிகளா?

பதில்: செவிலியர் அக்கா

மகளிர் நோய்ப் பிரிவில் பணியாற்றுகிறேன், தங்கையே. இவை இரண்டு தனித்தனிச் சிக்கல்களாக இருக்கவே வாய்ப்பு அதிகம். முதலில் வெள்ளைப்படுதலைப் பற்றிச் சொல்கிறேன்.

வெள்ளைப்படுவதே நோய் அன்று. கருமுட்டை வெளியாகும் நாட்களை ஒட்டி முட்டையின் வெள்ளைக்கரு போல வழுவழுப்பாகவும், மற்ற நாட்களில் சற்றே பால் நிறத்திலும் சுரப்பது இயல்பு. எலும்பு உருகி வெளியேறுகிறது என்று பெரியவர்கள் சொல்வதில் உண்மை இல்லை. வாடை, நிறம், அரிப்பு இவற்றில் வழக்கத்துக்கு மாறாக ஏதேனும் தெரிந்தால்தான் கவலைப்பட வேண்டும். நீங்கள் விவரிப்பது கேண்டிடா என்னும் பூஞ்சைத் தொற்றைப் போலத் தோன்றுகிறது. மீன் வாடையுடன் சாம்பல் நிறத்தில் நீர்த்துப் படுவதும், மஞ்சளும் பச்சையுமாக நுரைத்து வருவதும் வேறு வகைத் தொற்றுகள்; அவற்றுக்கு மருந்தும் வேறு. வெறும் கண்ணால் பார்த்துச் சொல்வது பல நேரம் தவறிப்போகும். அதனால்தான் பஞ்சுக்குச்சியில் எடுத்த சுரப்பை பி.எச். தாளில் (அமிலத்தன்மையைக் காட்டும் தாள்) தொட்டுப் பார்ப்போம்: பூஞ்சையில் அளவு பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும், மற்றவற்றில் 4.5-ஐத் தாண்டிவிடும். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை இழைகளே தெரியும்.

அந்தக் களிம்பின் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் படியுங்கள். குளோபெட்டசால், பெட்டாமெத்தசோன் போன்ற பெயர் இருந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அது அரிப்பை மட்டுப்படுத்தும்போதே, அந்த இடத்தில் பூஞ்சையை எதிர்க்கும் ஆற்றலையும் குறைத்துவிடும். நிறுத்தியதும் அதிகமாவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

கருவியை எண்ணி அஞ்ச வேண்டாம். பாலுறவு அனுபவம் இல்லாதவருக்குப் பொதுவாகக் கருவி வைப்பதில்லை. பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்தாலே போதும். ஸ்கேனையும் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, வயிற்றின் மேல் வைத்தே எடுத்துவிடுவார்கள். "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று எங்கள் மருத்துவமனைகளில் கேட்பது பெரும்பாலும் பாலுறவைப் பற்றிய கேள்விதான். (நேராகக் கேட்டால் என்ன என்று எனக்கும் தோன்றுவதுண்டு.) அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு உண்மையைச் சொல்லுங்கள். நாள் தள்ளிப்போனவர் யாராயினும் கர்ப்பப் பரிசோதனை செய்வது நடைமுறை. அதற்காக மனம் நோக வேண்டாம்.

பதில்: தாமிரபரணி

எனக்கு பிசிஓஎஸ் (ஹார்மோன் மாறுபாட்டால் மாதவிடாய் ஒழுங்கின்றிப் போகும் சினைப்பைக் குறைபாடு) இருப்பதால், மாதவிடாயைப் பற்றி அறிந்ததைச் சொல்கிறேன். வயதுவந்த பெண்ணுக்கு 21 முதல் 35 நாட்களுக்குள் வருவது பொதுவாக இயல்பு எனப்படுகிறது. நீங்கள் சொல்லும் இடைவெளி, முகவாய் முடி, கழுத்துக் கறுப்பு மூன்றும் சேர்ந்தால் மருத்துவர் முதலில் நினைப்பது இந்தக் குறைபாட்டைத்தான். கழுத்து கறுப்பது இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளமாக இருக்கக்கூடும்; இரத்தத்தில் சர்க்கரை கூடினால் பூஞ்சையும் எளிதில் தொற்றும். உங்கள் இரண்டு தொல்லைகளுக்கும் தொடர்பு இருந்தால் அது இந்த வழியில்தான் இருக்கும். ஆகவே சர்க்கரைப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரப்புக்கான ஹார்மோன்) கோளாறுகளும் நாட்களைத் தள்ளிப்போடும் என்பதால் அவற்றையும் பார்ப்பார்கள்.

ஸ்கேனில் "நீர்க்கட்டி" என்று வந்தால் பதறாதீர்கள். அவை பெரும்பாலும் முழு வளர்ச்சி பெறாத சினைமுட்டைப் பைகள்தாம். அறுத்தெடுக்க வேண்டிய கட்டிகள் அல்ல. ஆனால் மூன்று மாதங்களுக்கு மேல் மாதவிடாய் வராமலே இருந்தால் கருப்பையின் உட்சவ்வு தடித்துக்கொண்டே போகும். அதை அப்படியே விடக்கூடாது. வெந்தயம் சாப்பிடுவதில் தவறில்லை, அதையே நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் தவறு.

மல்லிகை

இருவருக்கும் நன்றி. களிம்பில் குளோபெட்டசால் இருக்கிறது, நிறுத்திவிடுகிறேன். பரிசோதனைக்குப் போகும் நாளில் மாதவிடாய் வந்துவிட்டால் என்ன செய்வது?

செவிலியர் அக்கா

பஞ்சுக்குச்சிப் பரிசோதனையை மட்டும் உதிரம் நின்ற பிறகு செய்துகொள்ளலாம். ஹார்மோன்களுக்கான இரத்தப் பரிசோதனைக்கோ மாதவிடாயின் 2 முதல் 5-ஆம் நாள் வரைதான் ஏற்ற காலம். பஞ்சுக்குச்சிப் பரிசோதனைக்கு முன் உறுப்பின் உள்ளே எந்த மருந்தும் வைக்காதீர்கள், சோப்போ கழுவுநீரோ செலுத்தாதீர்கள். ஒருவேளை அடிவயிற்றில் கடும் வலியும் காய்ச்சலும் கண்டாலோ, மணிக்கு ஒரு நாப்கின் நனையும் அளவுக்கு உதிரம் போனாலோ, அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.