வலைப்பூவில் ஏற்றிய பாடக்குறிப்பு மாணவர்களின் கைபேசியில் தமிழாகத் தெரியவில்லை: உதவி வேண்டும்

தமிழாசிரியை, அரூர் வட்டம்:

அனைவருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்பு மாணவர்களுக்காகச் சென்ற மாதம் பிளாகரில் ஒரு வலைப்பூ தொடங்கினேன். எங்கள் பகுதியில் வயலோரங்களில் நிற்கும் நடுகற்களை மாணவர்களே பார்த்து எழுதி வந்த குறிப்புகளையும், அதியமானின் நடுகல்லைப் பாடும் புறநானூற்று 232ஆம் பாடலுக்கு நான் எழுதிய விளக்கத்தையும் அதில் ஏற்றியிருக்கிறேன். என் கணினியில் எல்லாம் நன்றாகத் தெரிகிறது. பிள்ளைகள் தம் பெற்றோரின் கைபேசியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே வரிவரியாக வருகின்றன. வேர்டில் வானவில் அவ்வையார் எழுத்துருவில் தட்டச்சு செய்து அப்படியே ஒட்டினேன். அமைப்புகளில் மொழியைத் தமிழாக மாற்றியும் பயனில்லை. தாம் எழுதியதை வீட்டில் காட்ட முடியவில்லையே என்று பிள்ளைகள் வருந்துகிறார்கள்.

கணினி ஆசிரியர், பர்கூர்:

வணக்கம் அம்மா. வலைப்பூவில் பிழை இல்லை. வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்கள் வைக்கப்பட்டிருக்கும் என்பதால், அந்த எழுத்துரு நிறுவப்பட்ட கணினியில் மட்டுமே அவை தமிழாகத் தோன்றும். கைபேசியில் அது இல்லாததால் அடியில் இருக்கும் ஆங்கில எழுத்துகள் வெளிப்பட்டுவிடுகின்றன. வேர்டில் ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை லதா என்னும் வேறொரு எழுத்துருவாக மாற்றிப் பாருங்கள், இதை நீங்களே காணலாம். யூனிகோடு எனப்படும் ஒருங்குறி முறையிலோ தமிழுக்கென்றே தனி இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாடு அரசும் 2010ஆம் ஆண்டிலேயே அதை ஏற்றுக்கொண்டது.

மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. எழுத்துரு மாற்றி என்னும் மென்பொருள் ஒன்றில் மூலம் வானவில், இலக்கு ஒருங்குறி என்று தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். இடையில் வரும் ஆங்கிலச் சொற்களையும் அது தமிழென்று கருதிச் சிதைத்துவிடும் என்பதால் அவற்றை மட்டும் கையால் திருத்த வேண்டும். பின்னர் கண்ட்ரோல், ஷிப்ட், வி ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி ஒட்டினால் பழைய எழுத்துருவின் பெயர் கூடவே வராது. இனிமேல் தமிழ்99 விசைப்பலகையில் ஒருங்குறியிலேயே தட்டச்சு செய்யப் பழகிக்கொள்ளுங்கள். நடுகல் என்று தேடும் எவருக்கும் உங்கள் மாணவர்களின் எழுத்து அகப்பட வேண்டுமானால் அதுவே வழி.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பென்னாகரம்:

அம்மா, கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். குறிப்புகளின் கீழ் மாணவர்களின் முழுப்பெயரையும் படத்தையும் இடாமல் முதலெழுத்தை மட்டும் இடுங்கள். பின்னூட்டங்களுக்கு மட்டுறுத்தலை எப்போதும் என்று அமைத்துவிட்டால், நீங்கள் படித்து ஒப்புதல் தந்தவை மட்டுமே வெளியாகும். காவலின்றி வயலில் நிற்கும் கற்களின் துல்லியமான இருப்பிடத்தைப் பொதுவில் எழுத வேண்டாம் என்பதும் என் வேண்டுகோள். கைபேசியில் எடுக்கும் படத்திலேயே இருப்பிடக் குறிப்பு பதிந்திருக்கக்கூடும் என்பதால் அதை நீக்கிவிட்டு ஏற்றுங்கள்.

தமிழாசிரியை, அரூர் வட்டம்:

இருவருக்கும் நன்றி ஐயா. லதாவுக்கு மாற்றியதும் என் கணினியிலேயே அந்த ஆங்கில எழுத்துகள் வந்தன, அப்போதுதான் விளங்கிற்று. ஆறு இடுகைகளையும் மாற்றி ஏற்றிவிட்டேன். மூன்று மாணவர்களின் வீட்டுக் கைபேசிகளிலும் தமிழ் சரியாகத் தெரிகிறது. அட்டவணை ஒன்று மட்டும் வரிசை கலைந்துவிட்டதால் அதை நாளை புதிதாக அமைக்கிறேன். பெயர்களையும் இருப்பிடங்களையும் இன்றிரவே நீக்கிவிடுகிறேன்.