475 கிலோஹெர்ட்ஸ் கிளாஸ்-டி: டிரைவர் ஐசி கொதிக்கிறது, கீயை விட்டால் ஃபெட் போகிறது

கேள்வி:
630 மீட்டர் அமெச்சூர் ரேடியோ பேண்டுக்கான புஷ்-புல் ஆம்ப்ளிஃபையர், 13.8 வோல்ட் சப்ளை. 950 கிலோஹெர்ட்ஸ் சிக்னல் 74எச்சி74 ஃபிளிப்-ஃபிளாப்பில் பாதியாகி, ஒன்றுக்கொன்று எதிரான அதன் இரண்டு அவுட்புட்டும் நேராக ஒரு டிசி4427 கேட் டிரைவருக்குப் போகின்றன. அங்கிருந்து தலா 4.7 ஓம் வழியாக இரண்டு ஐஆர்எஃப்540என் ஃபெட்டின் (பவர் டிரான்சிஸ்டர்) கேட்டுக்கு. டிரைவருக்கு 12 வோல்ட். கீயிங் (மோர்ஸ் கீயால் சிக்னலை ஆன்-ஆஃப் செய்வது) ஆசிலேட்டரில். இதே போர்டு 137 கிலோஹெர்ட்ஸில் சூடாவதில்லை. 475-ல் டிரைவரில் விரல் வைக்க முடியவில்லை. கீயை விடும்போது ஏதாவது ஒரு ஃபெட் ஷார்ட் ஆகிறது. டெட் டைம் (இரண்டு ஃபெட்டும் மூடியிருக்கும் இடைவெளி) எவ்வளவு கொடுக்கலாம்?

பதில் 1:
முதலில் சூடு. கேட் சார்ஜ் அதிகபட்சம் 71 நானோகூலோம். அதை 12 வோல்ட்டாலும் 475 கிலோஹெர்ட்ஸாலும் பெருக்கினால் 0.4 வாட், இரண்டு ஃபெட்டுக்கு 0.8. 137-ல் இது 0.23 வாட்தான், அதனால் அங்கே தெரியவில்லை. 4.7 ஓமில் கொஞ்சம் போனாலும் பெரும்பகுதி டிரைவருக்குள்தான் எரிகிறது. ஃபெட்டுக்கு ஒன்றாக டிசி4422 (இன்னும் பெரிய டிரைவர்) போடுங்கள். அதன் சப்ளைப் பின்னை ஒட்டியே 1 மைக்ரோஃபாரட் செராமிக் இருக்கட்டும். டிரைவரின் கிரவுண்ட் நேராக அந்தந்த ஃபெட்டின் சோர்ஸ் காலுக்குப் போக வேண்டும். டிரெயின் கரண்ட் ஓடும் பாதையில் சேர்த்தால் கேட்டில் ரிங்கிங் வரும்.

பதில் 2:
ஃபெட் சாவதற்குக் காரணம் டெட் டைம் அல்ல. கிளாக் நின்றதும் 74எச்சி74-ன் ஒரு அவுட்புட் ஹையிலேயே நிற்கிறது. அந்தப் பக்கத்து ஃபெட் மூடாமல், டிரான்ஸ்ஃபார்மர் வழியே டிசி பாய்கிறது. எந்தப் பக்கம் என்பது கிளாக் நின்ற நொடியைப் பொறுத்தது.

ஒவ்வொரு டிரைவர் இன்புட்டுக்கும் முன்னால் தொடரில் 1 நானோஃபாரட், இன்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு 4.7 கிலோஓம், அதற்கு இணையாக 1என்4148 டயோடு (கேதோடு இன்புட் பக்கம்). கிளாக் எந்தக் காரணத்தால் நின்றாலும் சுமார் 6 மைக்ரோ வினாடியில் இரண்டு ஃபெட்டும் மூடிவிடும். டிசி4421 வேண்டாம், அது இன்வெர்ட்டிங் (இன்புட்டைத் தலைகீழாக்கும்), சும்மா இருக்கும்போது இரண்டையும் திறந்து வைக்கும்.

டெட் டைமைச் சொல்வதற்கு முன்: டிரான்ஸ்ஃபார்மரின் சென்டர் டேப்புக்கு (சப்ளை வந்து சேரும் நடு முனை) முன்னால் சோக் (தொடர் காயில்) உண்டா?

கேட்டவர்:
உண்டு, 100 மைக்ரோஹென்றி. அவுட்புட் ஃபில்டர் கெப்பாசிட்டரில் தொடங்குகிறது.

பதில் 2:
அப்படியானால் இது கரண்ட்-ஃபெட் (current-fed: சோக் வழியே ஏறக்குறைய மாறாத கரண்ட் ஊட்டப்படும் சர்க்யூட்). டெட் டைம் கூடவே கூடாது: இரண்டும் மூடியிருந்தால் சோக் கரண்டுக்குப் போக வழியில்லாமல் டிரெயின் வோல்டேஜ் எகிறும். இங்கே வேண்டியது சில பத்து நானோ வினாடி ஓவர்லேப் (இரண்டும் சேர்ந்து திறந்திருப்பது). 4.7 ஓமுக்கு இணையாக 1என்5819 டயோடு, ஆனோடு டிரைவர் பக்கம்: திறப்பது வேகமாக, மூடுவது மெதுவாக. சோக் இல்லாமல் ஃபில்டர் காயிலில் தொடங்கும் வோல்டேஜ்-ஃபெட் (voltage-fed) சர்க்யூட்டில் டயோடைத் திருப்பிப் போட வேண்டும். டெட் டைம் அங்கேதான் தேவை.

சோக் இருப்பதால் அந்த 6 மைக்ரோ வினாடியில் கரண்ட் 1 ஆம்பியருக்கும் குறைவாகவே ஏறும். ஆனால் இரண்டும் மூடியபின் சோக்கில் தேங்கிய ஆற்றலுக்கு ஒரு வழி வேண்டும். ஒவ்வொரு டிரெயினிலிருந்தும் சோர்ஸுக்கு 1.5கேஇ68ஏ (68 வோல்ட் அளவில் கடத்தத் தொடங்கும் பாதுகாப்பு டயோடு) போடுங்கள். 13.8 வோல்ட்டில் டிரெயின் உச்சம் சுமார் 43 வோல்ட்தான் என்பதால் இயல்பான ஓட்டத்தில் அது குறுக்கே வராது.